கால் எட்டாத வண்டி

அறுபது தாண்டிய ஆள் காஷ்மீர் வரை பைக்கில் போகிறேன் என்றால் உங்கள் ஊரில் சிரிப்பார்களா? தக்கலையில் சிரித்தார்கள்.

ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த எங்கள் மாமனார் தாசையா, பழைய வண்டிக் கடைக்காரர் ஜெயசிங்கிடம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். மூட்டுவலிக்காரர் கேட்டது தாழ்வான வண்டி. ஜெயசிங் தள்ளிவிடப் பார்த்ததோ, வருஷக்கணக்கில் விற்காமல் கிடந்த, ஒட்டகம் மாதிரி உயரமான ஒரு வண்டியை.

"காலு எட்டலியே," என்றார் மாமனார்.

"ஒமக்குப் பழக்கமில்ல பாட்டா. பழகினவனுக்கு எட்டும். இதை எடும், இல்லன்னா அட்வான்ஸ் போச்சு."

"சரி, பழகின நீரு ஏறி இரியும். ஒரு போட்டோ எடுத்து வீட்டுல காட்டுதேன்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மாமனாரைவிட ஒரு சாண் குட்டையான ஜெயசிங், காலரைத் தூக்கிவிட்டு ஏறினார்.

"ஸ்டாண்டுல நின்னா கம்பீரமா இல்ல," என்று மாமனார் வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டை மடக்கிவிட்டு, நிதானமாகக் கையை எடுத்துக்கொண்டார்.

ஜெயசிங்கின் ஒற்றைக் கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. வண்டி மெல்லச் சாய ஆரம்பித்தது.

"கொஞ்சம் சிரியும்," என்றார் மாமனார், போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து.

"அண்ணாச்சி, அந்தத் தாழ்வான வண்டியவே கொண்டு போங்க. மொதல்ல இதைக் கொஞ்சம் புடிங்க."