இருபத்திரண்டாவது நொடி

அநியாயம் நடந்தது பெர்னதெத்துக்கு. பதினாறு வருடமாக மாவட்டக் கூடைப்பந்து அணியில் இருந்த பெயரைத் தேர்வுக் குழு ஒரே ஒரு தாளைப் பார்த்து அடித்துவிட்டது. தாளை எழுதியவள் சுபிக்ஷா. பெர்னதெத்திடமே ஆட்டம் பழகி, பிறகு புள்ளியியல் படிக்கப் போனவள்.

மறுநாள் காலை சுபிக்ஷா மைதானத்துக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க அல்ல, வாதாட.

“நான் பொய் எழுதலைக்கா. போன வருஷம் நீங்க எறிஞ்சதுல நூத்துக்கு நாப்பத்தாறு விழுந்துச்சு. இந்த வருஷம் இருபத்தொன்பது. வயசாச்சுன்னு நான் சொல்லலை, கணக்கு சொல்லுது.”

“அது வேற வாய் திறந்து பேசுதா?” ஷூ நாடாவை இறுக்கியபடியே பெர்னதெத் சிரித்தாள்.

“சிரிக்காதீங்க. சண்டையாவது போடுங்க. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் குழுகிட்ட முறையிடலாம்.”

“உன் தாள்ல என்ன பிழைன்னு சொல்லி முறையிட?”

பிழை இருந்தால் சுபிக்ஷாவுக்கே தெரிந்திருக்குமே.

“ஒரு ஆள் குறையுது. இறங்கு,” என்றாள் பெர்னதெத்.

“ஜீன்ஸ்ல வந்திருக்கேன்க்கா.”

“பந்துக்கு அது தெரியாது.”

பயிற்சி ஆட்டம்தான். பந்து கைக்கு வந்த இருபத்துநான்கு நொடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. கோட்டோரம் ஒருத்தி நொடிகளை உரக்க எண்ணினாள். இந்த வருடம் அணிக்கு வந்த கல்லூரிப் பெண்கள் ஆளுக்கு ஆள் பந்தைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். பதினெட்டாவது நொடியில் அவர்களில் ஒருத்தியான ஜெசிமா தயங்கினாள். இருபத்திரண்டில் பந்து சுபிக்ஷாவின் கையில். முன்னால் மலை மாதிரி இரண்டு பேர்.

அவள் யோசிக்கவே இல்லை. “அக்கா!” என்று வீசிவிட்டாள்.

பெர்னதெத் வெகு தூரத்திலிருந்து, சாய்ந்த உடம்போடு எறிந்தாள். பந்து வளையத்தில்கூடப் படவில்லை.

“எழுதிக்கோ,” என்றாள். “பெர்னதெத், தப்பு ஒண்ணு.”

சுபிக்ஷா ஜெசிமாவிடம் திரும்பினாள். “மேட்ச்லயும் இப்படித்தானா?”

“நேரம் தீர்ந்தா அக்காகிட்டதான் தள்ளுவோம். வேற யாரு வாங்குவா? நீ வாங்குவியா?”

சுபிக்ஷா ஓரமாக உட்கார்ந்து, கைப்பேசியில் பழைய ஆட்டம் ஒன்றை ஓட விட்டாள். பெர்னதெத்தின் தவறுகள் பதினொன்று. அதில் எட்டு, கடைசி மூன்று நொடியில் கைக்கு வந்த பந்து. சுபிக்ஷா எழுதிய தாளில், பந்து எந்த நொடியில் வந்தது என்பதற்குக் கட்டமே இல்லை.

“எல்லா ஆட்டத்துக்கும் இந்தக் கட்டத்தைப் போட்டு அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுறேன்க்கா. யார் யார் வீசினாங்கன்னும்...”

“அனுப்பு. எனக்கும் ஆட ஆசைதான். வீசினவங்க பேரு வேண்டாம்.”

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் பந்தை ஏன் வாங்கினீங்க? கையை இறக்கிட்டு நின்னிருந்தா, தப்பு என் பேர்ல போயிருக்குமே!”

பெர்னதெத் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“எப்படிடி இறக்குறது? நீ என்னைத்தானே பார்த்த.”