கேழ்வரகு விரல் மடக்கிய கதை

மலைகளையே வீடாகக் கொண்ட வேலவன் திருவடி இக்கதைக்குக் காப்பாகுக.

அந்தக் காலத்தில், பயிரும் பறவையும் மனிதரோடு பேசிய நாளில், கேழ்வரகின் கதிர் விரித்த உள்ளங்கை போல நிமிர்ந்திருக்கும். வேங்கைமலை மக்கள் அதைக் களியாகக் கிண்டி, அவரைக் குழம்போடு உண்டு, எவருக்கும் பணியாமல் வாழ்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாத தானியம் குதிரில் இருக்கையில் யார் தயவு வேண்டும்?

இது கீழ்நாட்டு அரசனை உறுத்தியது. மலையார் தன் வயல்களுக்கு அடிமை வேலைக்கு வரவேண்டுமானால், முதலில் அவர்களுக்குப் பசிக்க வேண்டும் என்று எண்ணினான். அவன் ஏவிய தண்டநாயகன் படையோடு ஏறிவந்து, குதிர்களையும் கதிர் நின்ற கொல்லைகளையும் தீக்கிரையாக்கினான். சடைச்சி என்பவளின் வலக்கைப் பிடிக்குள் இருந்ததைத் தவிர, விதைக்குக்கூட ஒரு மணி மிஞ்சவில்லை.

அவளை முருகன் கோயில் முன்றிலுக்கு இழுத்து வந்தார்கள்.

"கையைத் திற" என்றான் தண்டநாயகன்.

"மாட்டேன்."

"கூழ் குடிக்கும் கைக்கு இத்தனை திமிரா?"

"சோறு தின்ற கைகள் இத்தனை ஏறிவந்திருக்கின்றனவே, திறந்து பாருங்கள்!"

இருவர் முயன்றும் விரல் பிரியவில்லை. ஈட்டிக் காம்பால் அடித்தார்கள், குருதி வடிந்தது. பிடிக்குள்ளிருந்து கேழ்வரகு மெல்லச் சொன்னது: "விட்டுவிடு அக்கா. விரல் ஒடிந்தால் களி கிண்டுவது யார்?"

"கிண்ட ஊரில் ஆள் உண்டு. நீ எரிந்துபோனால் பானையில் எதைப் போடுவதாம்? பேசாமல் இரு."

அப்போது மாலைப் பூசை மணி ஒலித்தது. தண்டநாயகன் சிரித்தான். "ஊரே கும்பிடுகிறது. நீ மட்டும் கைகூப்ப மாட்டாயோ? கூப்புவதற்கு விரிக்கத்தானே வேண்டும்!"

பிறந்தது முதல் அந்த மணிக்குக் கைகூப்பாமல் ஒருநாளும் இருந்தவள் அல்லள் சடைச்சி.  அவள் மூடிய கையை மார்பில் வைத்து, இடக்கையால் அதைப் பொதிந்து, சந்நிதியை நோக்கினாள்.

"வேலவா, விரித்த கையோடு உன்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இன்று மூடிய கையோடு நிற்கிறேன். ஏற்றாலும் சரி, சினந்தாலும் சரி, இதைத் திறக்க மாட்டேன்."

"பிரித்தெடுங்கள்!" என்று கத்தினான் தண்டநாயகன்.

மூத்த வீரன் ஈட்டியைத் தரையில் வைத்தான். "கும்பிடுகிற கையைப் பிரிக்க எங்களால் ஆகாது ஐயா. வேண்டுமானால் நீங்களே பிரியுங்கள்."

தண்டநாயகன் ஓரடி முன்வைத்தான். கருவறை விளக்கைப் பார்த்தான். வைத்த அடியைப் பின்னெடுத்தான். இருட்டுமுன் படை மலையிறங்கியது.

அவ்வாண்டு கிழங்கும் தேனும் உண்டு மலையார் தாக்குப்பிடித்தார்கள், ஒருவரும் கீழிறங்கவில்லை. மழை வந்ததும் சடைச்சி விதைத்தாள். கதிர் வந்தது, விரிந்தல்ல, முட்டியாய் மடங்கி.

"ஏன் விரலை மடக்கிக்கொண்டாய்?" என்றாள்.

"உன் கைக்குள் இருந்தபோது பழகியது அக்கா. இனி விரிப்பதாய் இல்லை."

அன்று முதல்தான் கேழ்வரகுக் கதிர் மடக்கிய விரல்களோடு நிற்கிறது. வேலவனுக்குப் படைக்கும் களியுருண்டையில் பிடித்த விரல்தடத்தை மலையார் அழிக்காமல் விடுவதும் அன்று முதல்தான்.

இதைக் கேட்டோர் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். பசித்தவர் முன் விரியவும் பறிப்பவர் முன் மூடவும் அவர்கள் கைக்கு வேலவன் வலிமை அருளட்டும்.