குடத்தில் என்ன வெட்டுவது?

வாங்கிய பாத்திரத்தில் கடையிலேயே டொக் டொக்கென்று பெயர் வெட்டித் தந்த இனிய காலம் அது. கும்பகோணத்துக் கடையொன்றில் பாத்திரம் எடுத்துக் கொடுப்பதும் பெயர் வெட்டுவதும்தான் பக்கிரிக்கு வேலை.

கல்யாணப் பரிசாகப் பித்தளைக் குடம் எடுத்த மிராசுதார் வைரவநாதன், அதை ரகசியமாகத் தூணில் இடித்தார். பக்கிரி பார்த்துவிட்டான். "நசுங்கின குடம்! பாதி விலைதான் தருவேன்" என்று முழங்கினார் மிராசுதார்.

அவரை எதிர்க்கப் பயந்த முதலாளி, "குடத்தை எடுத்துக் கொடுத்தது நீதானே? மீதி உன் சம்பளத்தில்தான்" என்று பக்கிரியிடம் சீறினார்.

பக்கிரி உளியை எடுத்தான். "ஆகட்டும் எஜமான். 'மிராசுதார் வைரவநாதன் அன்பளிப்பு. நசுங்கல், பாதி விலை'ன்னு வெட்டிடறேன்."

"அடப்பாவி! அதை எதுக்குடா வெட்டறே?" என்று பதறினார் மிராசுதார்.

"கல்யாண வீட்டுல நசுங்கலைப் பார்த்துட்டுக் கடையைத் திட்டக்கூடாது பாருங்க."

மிராசுதார் துண்டால் குடத்தை அவசரமாகத் தேய்த்தார். "எங்கேடா நசுங்கல்? கண்ணுக்கே தெரியலையே!" என்றபடி முழு விலையையும் எடுத்து வைத்தார்.