மூச்சு வாங்கும் மோட்டார்

"இது மூணாவது மோட்டாருங்க டீச்சர். இதுவும் பாதியில நிக்குது."

குப்புராஜ் மோட்டாரை மேசை மேல் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதே சரி.

பிலோமினா டீச்சர் நிமிரவில்லை. ஒரு பழைய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

ஆவாரம்பாளையத்தில் அவருக்கு ஒரு மோட்டார் ரிப்பேர் கடை. ஒரு காலத்தில் ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர். அதனால் அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் டீச்சர்தான். குப்புராஜும் மூத்தவர்தான்.

மில்லை மூடிய பிறகு குப்புராஜ் 'சின்ன யானை' என்கிற குட்டிச் சரக்கு வண்டி ஒன்று வாங்கினார். பின்னால் தண்ணீர் டேங்க், மோட்டார், பேட்டரி எல்லாம் ஏற்றி, வீடு தேடிப் போய்க் கார் கழுவும் தொழில் தொடங்கினார். தொழில் நல்ல தொழில். ஆளும் தங்கமான ஆள். மோட்டார்தான் காலை வாரிக்கொண்டே இருந்தது.

"எப்படி நிக்குது?" என்றார் டீச்சர்.

"ஆரம்பத்துல ஜோரா ஓடுமுங்க. ஒரு காரு நல்லபடியா முடிஞ்சுரும். அடுத்ததுல நுரை போட்டு, அலசலாம்னு தண்ணி பீச்சற கன்னை அமுக்குனா, தண்ணி நூலாட்டம் வருது. மோட்டார் மூச்சு வாங்குது. அப்புறம் அதுவும் இல்லீங்க."

"அவசரமா?"

"நாளான்னைக்கு ஆயுத பூசைங்க டீச்சர்! நாளைக்கு ஒரு அபார்ட்மென்ட்டுல அத்தனை காரையும் கழுவித் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். போன தடவ அங்கயே ஒரு கறுப்புக் காரு நுரையோட நின்னு போச்சு. வெயில்ல காஞ்சு, காரு பூரா தேமல் விழுந்தாப்புல ஆயிருச்சு. செகரட்டரி இதுதான் கடைசின்னுட்டாரு. நல்லா செஞ்சா வருசம் பூரா வேலை எனக்குத்தானாம். நின்னா, கேட்டுக்குள்ளயே விடமாட்டாராம்."

மில் கேட்டுக்கு வெளியே நின்றது ஒரு தடவை போதாதா? இந்த வயதில் இன்னொரு கேட்டா? பயமாகத்தான் இருந்தது.

"என்னென்ன மாத்துனீங்க?"

"மோட்டார் மாத்துனேன். ஃபில்டரைக் கழுவுனேன். பேட்டரி புதுசு. ஒயரு தடிமனா போட்டேன். ஓஸு பைப்புல அடைப்பு இருக்குமோன்னு அதையும் மாத்திட்டேன். இனி மாத்தறதுக்கு என்னையத்தான் மாத்தோணும்."

"நின்னுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"டேங்க்கு மூடியத் தொறந்து தண்ணி இருக்கான்னு பார்ப்பேன். பாதிக்கு மேல இருக்கும். மூடிட்டு, ஒரு டீயக் குடிச்சுட்டு வந்து போட்டா, மறுபடி ஜோரா ஓடும். எனக்கும் இந்த மோட்டாருக்கும் ராசியில்லீங்க. டீக்கடைக்காரருக்குத்தான் ராசி."

டீச்சர் கம்பியைக் கீழே வைத்தார்.

"தண்ணி வெளிய போறப்ப, டேங்க்குக்குள்ள என்ன போகுது?"

குப்புராஜ் யோசித்தார். இது என்ன கேள்வி?

"உள்ள ஒண்ணும் போகாதுங்க. டேங்க்கு காலியாகும். அவ்வளவுதான்."

"காலின்னா?"

"காலின்னா காலிங்க!"

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். ரயிலில் விற்பார்களே, அந்த மெல்லிசான பிளாஸ்டிக் பாட்டில்.

"குடிங்க."

குப்புராஜ் அண்ணாந்து, பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, சட்டையில் ஒரு சொட்டுப் படாமல் குடித்தார். இதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. சொந்த வீட்டு டம்ளரில்கூட அவர் உதடு பட்டதில்லை.

"அப்படியில்லீங்கண்ணா. வாயில வச்சு, உதட்டை எடுக்காம, இழுத்துக் குடிங்க."

"எச்சலாயிருமுங்களே!"

"ஆகட்டும்."

குப்புராஜ் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை. உதட்டைப் பாட்டிலில் அழுத்திப் பொருத்தி இழுத்தார்.

முதல் வாய் வந்தது. இரண்டாவது வாய் வந்தது. பாட்டில் 'சடக்' என்று ஒரு பக்கம் ஒடுங்கியது. தண்ணீர் குறைந்தது. அவர் விடவில்லை. கன்னம் இரண்டும் குழிவிழ, கண் பிதுங்க இழுத்தார். பாட்டில் சப்பிப்போனது. தண்ணீர் நின்றே விட்டது.

"நின்னுருச்சா?"

அவர் வாயை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

"வேற புது வாய் வாங்கி மாட்டிப் பார்க்கலாமா?"

குப்புராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதடு விலகியது. பாட்டில் 'களக்' என்று காற்றை இழுத்துக்கொண்டு பழைய உருவத்துக்கு வந்தது.

அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு ஓடினார்.

அந்த டேங்க் மூடிக்கு ஒரு கதை உண்டு. தொழில் தொடங்கிய புதிதில், வண்டி போன வழியெல்லாம் மூடியிலிருந்து தண்ணீர் தளும்பிச் சிந்தும். யாரோ ஒரு வீட்டுக்காரர், "ஏன்யா, வாசலெல்லாம் கோலம் போட்டுட்டுப் போறே?" என்று கேட்டுவிட்டார். குப்புராஜுக்கு மானம் போய்விட்டது. அன்றைக்கே டயர் டியூபை வெட்டி மூடிக்கு அடியில் கொடுத்து, மேலே இரண்டு கிளாம்ப் போட்டு முறுக்கினார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. ஒரு சொட்டுக் காற்று உள்ளே போனதும் இல்லை.

இன்றைக்கு மோட்டார் நின்றதும் மூடியைத் திறக்காமல், குழாயை அடைத்து மோட்டாரை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். இப்போது கிளாம்ப்பைக் கழற்றினார். 'உஸ்ஸ்' என்று டேங்க் பெரிதாக இழுத்தது. உள்ளே குழிந்திருந்த பக்கவாட்டுச் சுவர் 'டொம்' என்று வெளியே வந்தது.

அந்தச் சத்தம் அவருக்குப் புதிதல்ல. மூடியைத் திறக்கும் போதெல்லாம் கேட்டிருக்கிறார். எவ்வளவு கச்சிதமாக மூடியிருக்கிறோம் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறார். டேங்க் குழிந்ததை வெயிலின் தலையில் போட்டார். நின்றதை மோட்டாரின் தலையில் போட்டார். தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து திறந்து, வைத்தியத்தையும் அவரே பார்த்திருக்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாயிற்று.

டீச்சர் டிரில்லிங் மெஷினோடு வந்து நின்றார்.

"மூடியில ஓட்டை போடோணுமுங்களா?" குப்புராஜ் குரலில் வலி இருந்தது.

"ஆமாங்க."

"சிந்துமுங்களே."

"வளைஞ்ச குழாய் ஒண்ணு வைக்கலாம். அப்பவும் கொஞ்சம் சிந்தும்."

"நாலு பேரு பார்ப்பாங்களே டீச்சர்."

"பார்க்கட்டும்."

குப்புராஜ் மெஷினை வாங்கிக்கொண்டார். காது குத்தும் பிள்ளையைப் பிடித்திருப்பவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டையைப் போட்டார். டீச்சர் ஒரு சின்னக் குழாயை, வாய் கீழே பார்க்கும்படி வளைத்துப் பொருத்தினார். மூடியைப் பழையபடி முறுக்கி, மேசையில் கிடந்த மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

குப்புராஜ் கன்னை அமுக்கினார். தண்ணீர் சீறிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் அடித்தது. நிற்கவில்லை. அவர் தன் வண்டியைக் கழுவினார். டீச்சரின் ஸ்கூட்டரைக் கழுவினார். கடை ஷட்டரைக் கழுவினார். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகும் மோட்டார் ஒரே சுருதியில் ஓடியது.

குப்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

"நாளைக்குத் தனியாவா போறீங்க?" என்றார் டீச்சர்.

"தனியாத்தானுங்க."

"அத்தனை காரையுமா?"

"முதுகு ஒடிஞ்சுரும், தெரியுமுங்க. என்ன பண்றது?" கன்னிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். "வீட்டுக்காரி நாகமணி மொதல் நாள்ல இருந்து நானும் கூட வர்றேன், நானும் கூட வர்றேன்னுதான் நிக்கறா. நாந்தான் வேண்டாம்ட்டேன். அவளுக்கு இந்த மோட்டார் கதை எதுவும் தெரியாதுங்க. கறுப்புக் காரு சங்கதியும் தெரியாது. தொழில் எப்படிப் போகுதும்பா. சூப்பரா போகுதும்பேன். பக்கத்துல இருந்து பார்த்தா எஞ்சாயம் வெளுத்துருமுங்களே. அதான் எதையும் காட்டிக்கறதில்ல. மில்லை மூடுனப்பக்கூட மூணு மாசம் சோத்துப் போசியத் தூக்கிட்டு வேலைக்குப் போற மாதிரியே..."

தண்ணீர் நூலாக இறங்கியது.

மோட்டார் மூச்சு வாங்கியது.

குப்புராஜ் பதறித் திரும்பினார்.

டீச்சர் டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் அந்த வளைந்த குழாயின் வாயை அழுத்தி அடைத்திருந்தது.

அவர் குப்புராஜைப் பார்த்தார். விரலை எடுத்தார். கடைக்குள் போய், விட்ட இடத்திலிருந்து கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார்.

டேங்க் மூச்சை இழுத்தது. தண்ணீர் மறுபடி சீறியது.

குப்புராஜ் மோட்டாரை அணைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். வண்டியின் பின் தட்டில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று மோட்டார் வாங்கியபோதுகூட இவ்வளவு யோசித்ததில்லை.

பிறகு அழைத்தார்.

"மணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

சொன்னார். மோட்டார், கறுப்புக் கார், செகரட்டரி, நாளைய வேலை, தன் முதுகு, தன் பயம், எல்லாவற்றையும் சொன்னார். இடையில் இரண்டு தடவை குரல் உடைந்தது. நிறுத்தவில்லை.

"கேக்குதா மணி?"

"கேக்குதுங்க," என்றாள் நாகமணி. "காத்தால எத்தன மணிக்குக் கெளம்போணும்?"