செம்புக் கூட்டின் மூன்று முட்டைகள்

ஒரு ஜன்னலோரத்தில் ஒரு கூடு பிறந்தது. குருவி கட்டியதல்ல. அமுதவல்லி தன் கைக்குழந்தை தூங்கிய நேரத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செய்த பதக்கம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் மூன்று வெள்ளை முத்துகள்.

கண் திறந்ததும் கூடு கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் எப்போ பொரியும்?"

மேசையில் கிடந்த குறடு வாயைப் பிளந்து சிரித்தது. "பொரியறதா? டப்பாவில் கிடந்ததுகளை நான்தான் பிடிச்சு உனக்குள்ள மாட்டினேன். மூணும் கூமுட்டை. ஒருநாளும் பொரியாது."

"பாவம், அது பிறந்து அரை மணி நேரம்கூட ஆகலை" என்றது பக்கத்திலிருந்த அரசிலைத் தோடு. "நான்கூட எப்போ துளிர் விடுவேன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

கூட்டுக்கு மனசு ஆறவில்லை. முட்டை பொரியாவிட்டால் அது என்ன கூடு? வெளியே துணிக்கொடியில் தொங்கிய நார்க்கூட்டிலிருந்து ஒரு தேன்சிட்டு தலையை நீட்டியது.

"அக்கா, முட்டை எப்படிப் பொரியும்?"

"சூடு வேணும். விடாம வேணும்."

"அப்புறம்?"

"குஞ்சு வளரும். கூடுதான் இடம் கொடுக்கணும். என் கூட்டைப் பாரு, சிலந்தி நூல் வச்சுக் கட்டினது. உள்ளே திமிறத் திமிற அதுவும் விரியும்."

"அப்புறம்?"

"உனக்கு வாயே ஓயாதா? அப்புறம் பறந்துடும்."

"பறந்தா நீ என்ன பண்ணுவே?"

தேன்சிட்டு செம்பருத்திப் பக்கம் பறந்துபோனது.

பதக்கத்தைச் செய்யச் சொன்னவள் கோமளா. பிள்ளைக்கு ஒன்றாக மூன்று முத்து. வாங்கிய கையோடு கழுத்தில் போட்டுக்கொண்டாள். கூடு அவள் நெஞ்சுக்கு நேரே தொங்கியது. சூட்டுக்குக் குறைச்சலே இல்லை. அடுப்படிச் சூடு, வெயிலில் நடக்கிற சூடு, பிள்ளைகளைத் திட்டும்போது ஏறுகிற சூடு. அத்தனையையும் கூடு முட்டைகளுக்கு ஊட்டியது. தினமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. உள்ளே ஒரு கொத்தல் சத்தம்கூட இல்லை. குறடு சொன்னது நிஜம்தானோ என்று பயம் வந்தது.

ஒரு நாள் கோமளாவின் மூத்த மகள் தேன்மொழி நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் மகளைக் கட்டிப்பிடித்த கோமளா விடவேயில்லை.

"அம்மா, டிரைவர் ஹாரன் அடிக்கிறார்."

"அடிக்கட்டும். தலைக்கு ஒழுங்கா எண்ணெய் வைப்பியா?"

"வைப்பேன்."

"பொய்."

"நீ விட்டாத்தானேம்மா போய் வைக்க முடியும்."

அந்த நேரம் பார்த்து மகளின் துப்பட்டா நூல் ஒரு முத்தில் மாட்டியது. முத்து அசைந்தது. கூட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசைகிறதே. கம்பியை இறுக்கிக்கொண்டால் முத்து எங்கேயும் போகாது. கூடு இறுக்கத்தான் பார்த்தது. தேன்சிட்டு சொன்னது ஞாபகம் வந்தது. மெல்லக் கம்பி நுனியை நெகிழ விட்டது.

கோமளாவும் கையை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான் ஒரு முத்தைக் காணோம் என்று தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் தேடினாள், துடைப்பத்தை உதறினாள், அரிசிப் பானையைக்கூட விடவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடு மட்டும் சந்தோஷம் தாங்காமல் அவள் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. "அம்மா, உன் முத்து ஒண்ணு என் துப்பட்டாவோட வந்திருச்சு. கூரியர்ல போடட்டுமா?"

கோமளா மூக்கை உறிஞ்சினாள். "வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் கூடு மறுபடி அமுதவல்லியின் மேசைக்கு வந்தது.

"வேற முத்து வைக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"வேண்டாம் அமுதா. கம்பி நுனி குத்துது, அதை மட்டும் மடக்கிக் கொடு. வீட்ல இருக்கிற மத்த ரெண்டும் சின்னதுங்க."

வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு வந்தது குறடு. காலி இடத்தைப் பார்த்ததும் திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஒண்ணு எங்கே?"

"பறந்துடுச்சு."

கேலி பேச வந்த குறடு கம்பி நுனியைப் பிடித்தது.

"பார்த்து" என்றது கூடு. "ரொம்ப முறுக்கிடாதே. இன்னும் ரெண்டு இருக்கு."