மூன்று பதில்காரி

புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். மாணவர் என்றதும் பொடியன் என்று நினைத்துவிட வேண்டாம். கோதண்டத்துக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அவருடைய பேராசிரியை பிலோமினாதான் அவரைவிடப் பத்து வயது சின்னவள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஊர்களில் மனிதர்கள் தங்களை யாரென்று நினைக்கிறார்கள் என்பது அவர் ஆராய்ச்சி. அதில் ஓர் அத்தியாயம் முழுக்கச் செலினம்மாள். அவள் புருஷன் வியட்நாமின் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். சீருடையில் அவர் நிற்கும் படத்தைக் கொடுத்து, "புஸ்தகத்துல போடுப்பா, பேரன் பார்க்கட்டும்" என்றிருந்தாள்.

அந்தப் படத்தோடு கோதண்டம் பிலோமினாவின் அறைக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இந்தம்மாவை எடுத்துடறேன் மேடம்."

"ஏன் சார்?"

"பிரெஞ்சுத் தூதரகத்துக்கு ஓட்டுப்போடப் போனப்ப, 'நாங்க பிரெஞ்சுக்காரங்க'ன்னாங்க. தெருக்குழாயில யாரோ சீண்டினா, 'நான் என்ன வெள்ளைக்காரியா, பச்சைத் தமிழச்சிடி'ங்கறாங்க. கல்லறைத் திருநாள்ல கேட்டா, 'நாங்க சைகோன்காரங்க'ளாம். ஒரு மனுஷிக்கு எத்தனை பதில்? வாயைத் திறந்தா பொய்."

"படம்?"

"திருப்பிக் கொடுத்துடப் போறேன்."

"நானும் வர்றேன்" என்றாள் பிலோமினா.

கோதண்டம் ஸ்கூட்டரைக் கிளப்பினார். எரிச்சலில் ஒருவழிப் பாதைக்குள் திருப்பிவிட்டார். போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

பின்னாலிருந்து பிலோமினா இறங்கினாள். "விட்டுடுங்க சார். திண்டிவனத்துக்காரர். வெளியூர், பாவம்."

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. பிறந்தது திண்டிவனம்தான்; ஆனால் அவர் இங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்.

பெரிய மார்க்கெட்டில் நிறுத்தச் சொன்னாள். மீன்காரி வஞ்சிரத்துக்கு ஒரு விலை சொன்னாள்.

"என்னக்கா, சார் நம்ம ஊர்க்காரர். டூரிஸ்ட் விலை சொல்றே."

"அட, மூஞ்சியைப் பார்த்தா தெரியலியே" என்று மீன்காரி விலையைக் குறைத்தாள்.

கோதண்டம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அடுத்தது ரொட்டிக் கடை. நீள ரொட்டி தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர்.

"தேன்மொழியோட அப்பா வந்திருக்கார்" என்றாள் பிலோமினா.

"நம்ம பையனோட படிக்குதே, அந்தப் பாப்பாவா?" என்று வீட்டுக்கு எடுத்துவைத்திருந்த ரொட்டியில் ஒன்றை நீட்டினார்.

செலினம்மாளின் தெருமுனையில் கோதண்டம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். இதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"மேடம், என்ன விளையாட்டு இது? ஒருத்தர்கிட்ட வெளியூர்க்காரன். ஒருத்தர்கிட்ட உள்ளூர்க்காரன். இன்னொருத்தர்கிட்ட எனக்குப் பேரே இல்லை. இவ்வளவு படிச்சிருக்கேன், அதை ஒரு இடத்துலயாவது சொன்னீங்களா?"

"மீன்காரிகிட்டயா?"

"கிண்டல் பண்ணாதீங்க."

"சரி. நான் சொன்னதுல எது பொய்?"

கோதண்டம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ரொட்டியின் சூடு பையைத் தாண்டி முழங்காலில் பட்டது.

செலினம்மாளின் கதவு சாத்தியிருந்தது. கோதண்டம் தட்டினார்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கோதண்டம் பிலோமினாவைப் பார்த்தார். இத்தனை இடத்தில் முந்திக்கொண்டவள், இப்போது மீன் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"யாருன்னு சொன்னாத்தானே திறப்பேன்" என்றது குரல், கொஞ்சம் சலிப்போடு.

கோதண்டம் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"கேக்கறாங்க இல்ல" என்றாள் பிலோமினா. "ஒரே பதிலாச் சொல்லுங்க சார்."