மாதி கொளுத்திய பழங்கள்

கேளுங்கள். ஒவ்வொரு மலைக்கும் ஒரு ராஜா இருந்த காலம் அது. பனிக்குன்று என்ற மலையைக் கோடன் ஆண்டான். அங்கே வீட்டுக்கு வீடு, தரையோடு படரும் ஒரு சிவப்புப் பழச்செடி வளர்த்தார்கள். இன்று நாம் ஸ்ட்ராபெர்ரி என்கிறோமே, அதேதான்.

கோடனுக்கு அந்தப் பழத்தின்மேல் உயிர். அதனால் ஓர் ஆணை போட்டான்: "யார் செடியில் நோய் வருகிறதோ, அவர் சோம்பேறி. சந்தை நடுவில் பத்துக் கசையடி!"

என்ன ஆணை இது! நோய் என்ன, கேட்டுக்கொண்டா வருகிறது?

அந்த ஆண்டு மழை விடவேயில்லை. மாதி என்ற பெண்ணின் தோட்டத்தில், பழங்கள் அழுகிச் சாம்பல் நிறப் பூஞ்சணம் படிந்தது. பக்கத்து வீட்டுப் போசனிடம் ஓடினாள்.

"அண்ணே, என் செடியில் நோய். உங்களுடையதையும் பாருங்கள்."

"மெதுவாகப் பேசு, தாயே! எனக்கு இருப்பது ஒரே முதுகு" என்று சொல்லி, அழுகிய பழத்தை இலைக்கடியில் தள்ளினான் போசன். அடுத்த வீட்டிலும் அப்படியே தள்ளினார்கள். அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை.

மாதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறைத்தால் அழுகல் நின்றுவிடுமா? அழுகிய பழங்களை எல்லாம் பறித்து, ஊர் பார்க்க வாசலில் கொளுத்தினாள். நெருக்கமாக நின்ற செடிகளைப் பிடுங்கிக் காற்றுக்கு வழிவிட்டாள். பழம் ஈரமண்ணில் படாதபடி அடியில் காய்ந்த புல்லைப் பரப்பினாள்.

புகையைக் கண்டு காவலர்கள் வந்தார்கள். சந்தை நடுவில் பத்து அடியும் விழுந்தது. தங்கள் தோட்டங்களில் அதே நோயை வைத்துக்கொண்டு ஊரே நின்று பார்த்தது.

மாதி அழவில்லை. மேடையில் இருந்த கோடனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ராஜா, என்னை அடித்தாயிற்று. இனி உங்கள் தோட்டத்து இலையைத் தூக்கிப் பாருங்கள்."

கோடன் சிரித்துக்கொண்டே போனான். முதல் செடியின் இலையைத் தூக்கினான். அழுகல். இரண்டாவதைத் தூக்கினான். அழுகல். மூன்றாவதைத் தொடுவதற்குள் தோட்டக்காரன் காலில் விழுந்தான்.

"அடிக்குப் பயந்து மறைத்தேன், அரசே!"

சில நாளில் மலை முழுக்க அழுகிப்போனது. மிஞ்சியவை மாதியின் செடிகள் மட்டுமே. கன்று கேட்டு எல்லோரும் அவள் வாசலுக்கு வந்தார்கள். கோடனும் வரிசையில் நின்றான்.

மாதி யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. "உங்கள் செடிக்கு என்ன வந்தது? உரக்கச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். போசன் அழுதுகொண்டே சொன்னான். கோடனின் முறை வந்தபோது அவன் தலைகுனிந்து நின்றான்.

"சொல்லுங்கள், ராஜா. என் முதுகு இன்னும் ஆறவில்லை."

"என் தோட்டத்திலும் அழுகல்தான். அதை வளர்த்தது என் ஆணை. அந்த ஆணை இன்றோடு ஒழிந்தது!" என்றான் கோடன், ஊர் கேட்க.

மாதி கன்றை அவன் கையில் வைத்தாள். கும்பிடவில்லை.

ஆகவே, நோயைச் சொன்னவரைத் தண்டித்தால் நோய் தீராது, மறைவில் வளர்ந்து எல்லோரையும் அழிக்கும்.